சர்க்கரை நோயாளிக்கு மூன்று குழாய்களில் அடைப்பு: ஸ்டென்டா, பைபாஸா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பாவுக்கு 61 வயது, 14 வருடமாகச் சர்க்கரை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. நெஞ்சுவலி என்று அவர் சொன்னதே இல்லை. ஆஞ்சியோகிராமில் மூன்று குழாய்களிலும் அடைப்பு: எல்ஏடி எனப்படும் இடது முன்புறக் குழாயின் தொடக்கத்தில் 80 சதவீதம், வலது குழாயில் 90, சர்கம்ஃப்ளெக்ஸ் எனப்படும் இடது சுற்றுக்குழாயில் 70. எக்கோவில் இதயம் ரத்தத்தை வெளியேற்றும் அளவு 50 சதவீதம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 1.2. ஒரு மருத்துவர் பைபாஸ்தான் என்கிறார். இன்னொருவர் ஸ்டென்ட் வைத்தால் மூன்றாம் நாள் வீட்டுக்குப் போய்விடலாம் என்கிறார். எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்குள் இன்னும் மூன்று கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. வலியே இல்லாதவருக்கு எதையாவது செய்துதான் ஆக வேண்டுமா? சர்க்கரை இருப்பதால் கணக்கு ஏன் மாறுகிறது? இருவரில் ஒருவர் நம்மை ஏமாற்றுகிறாரா?

ஒரு எல்லையைச் சொல்லிவிட வேண்டும். ரிப்போர்ட்டில் உள்ள சதவீதங்களை வைத்து மட்டும் யாராலும் இதில் முடிவு சொல்ல முடியாது. ஆஞ்சியோ படத்தை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். ஏன் என்று கீழே விளக்குகிறேன். இன்னொன்று, இங்கே எழுதுவதெல்லாம் நிலையாக இருக்கும் நோயாளிக்கு. ஓய்வில் இருக்கும்போதே நெஞ்சு அழுத்தம், திடீர் வியர்வை, மூச்சுத் திணறல் என்று மாரடைப்பு நடந்துகொண்டிருந்தால் இந்த வாதம் எதுவும் பொருந்தாது. அப்போது அடைத்த குழாயை உடனே பலூன் வைத்துத் திறந்து ஸ்டென்ட் போடுவதே முதல் வேலை, சர்க்கரை இருந்தாலும் இல்லாவிட்டாலும். மற்றக் குழாய்களைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

சர்க்கரை நோய் இதயக் குழாயில் என்ன செய்கிறது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. தண்ணீர்க் குழாயில் ஒரு கல் வந்து சிக்கிக்கொள்வது ஒரு வகை. உப்புத் தண்ணீர் ஓடி ஓடிக் குழாய் நெடுக உப்பேறிப் போவது இன்னொரு வகை. சர்க்கரை நோயாளியின் குழாய் பெரும்பாலும் இரண்டாவது வகை. கொழுப்பும் சுண்ணாம்பும் ஓரிடத்தில் நிற்காமல் நீளவாக்கில் படிகின்றன. குழாயே ஒல்லியாக இருக்கும். ரத்தத் தட்டணுக்கள் எளிதில் ஒட்டிக்கொள்ளும் தன்மையோடு இருக்கும். அடைப்பைச் சுற்றி இயற்கையாக உருவாகும் மாற்றுவழிக் கிளைகளும் குறைவாகவே வளரும். இதில் ஒரு சிக்கல் உண்டு. ஆஞ்சியோவில் தெரிவது குழாயின் சுவர் அல்ல, உள்ளே ஓடும் மருந்தின் நிழல் மட்டுமே. 80 சதவீதம் என்பது பக்கத்தில் இருக்கும் ‘நல்ல’ பகுதியோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண். அந்த நல்ல பகுதியும் நெடுகச் சுருங்கியிருந்தால் எண் நோயைக் குறைத்தே காட்டும். சர்க்கரை நோயாளியிடம் 60 சதவீதம் என்று எழுதியிருப்பதை அப்படியே நம்பாமல் இருப்பதற்கு இதுதான் காரணம்.

இப்போது இரண்டு சிகிச்சைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஸ்டென்ட் என்பது பெரும்பாலும் ஒன்றரை முதல் நான்கு சென்டிமீட்டர் வரை நீளமுள்ள வலைக்குழல். அது வைத்த இடத்தை மட்டும் விரித்துப் பிடிக்கும். அதற்கு இரண்டு சென்டிமீட்டர் தள்ளி அடுத்த வருடம் வெடிக்கப்போகும் கொழுப்புத் திட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பைபாஸில் ஒட்டுக்குழாயைக் கொண்டுபோய் நோயுள்ள நீளத்தைத் தாண்டி, கீழ்ப்பகுதியில் தைக்கிறார்கள். இன்றிருக்கும் அடைப்பை மட்டுமல்லாமல், அதற்கு மேலே நாளை வரப்போகும் அடைப்பையும் அது தாண்டிப்போகிறது. மாரடைப்பு எப்போதும் மிக இறுகிய அடைப்பில்தான் வரும் என்பதில்லை; 40, 50 சதவீதம் என்று எழுதப்பட்ட திட்டு வெடித்து ரத்தம் உறைவதாலும் வருகிறது. நோய் ஓரிடத்தில் மட்டும் இருப்பவருக்கு ஸ்டென்ட்டும் பைபாஸும் நெருங்கி வரும். நீளவாக்கில் இருப்பவருக்கு விலகிப் போகும். சர்க்கரை நோயாளிகள் பலர் இரண்டாவது கூட்டத்தில் இருக்கிறார்கள்.

இது வெறும் ஊகமாக நிற்கவில்லை. பலூன் மட்டுமே இருந்த காலத்தில், 1990களில், பாரி என்ற அமெரிக்க ஆய்வு நடந்தது. அதில் மருந்தோ இன்சுலினோ எடுத்துக்கொண்டிருந்த சர்க்கரை நோயாளிகளில் ஐந்து வருடம் உயிரோடு இருந்தவர்கள் பைபாஸ் பக்கம் 80.6 சதவீதம், பலூன் பக்கம் 65.5 சதவீதம். வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இருந்ததால் 1995-இல் மருத்துவர்களுக்குத் தனி எச்சரிக்கையே விடப்பட்டது. பிறகு மருந்து பூசிய ஸ்டென்ட் வந்தது, பழைய முடிவு இனிச் செல்லாது என்ற பேச்சும் வந்தது. அதைச் சோதித்தது ஃப்ரீடம் ஆய்வு. பல குழாய்களில் அடைப்புள்ள சர்க்கரை நோயாளிகள் 1900 பேர். 2012-இல் முடிவு வெளியானது. ஐந்து வருடத்தில் இறந்தவர்கள் ஸ்டென்ட் பக்கம் 16.3 சதவீதம், பைபாஸ் பக்கம் 10.9. மாரடைப்பு 13.9-க்கு 6.0. பக்கவாதத்தில் மட்டும் தராசு மறுபக்கம் சாய்ந்தது: ஸ்டென்ட்டில் 2.4, பைபாஸில் 5.2. நூறு பேராக எண்ணினால், பைபாஸ் செய்துகொண்டதால் ஐந்து வருடத்தில் ஐந்து பேர் கூடுதலாகப் பிழைக்கிறார்கள், எட்டுப் பேருக்கு மாரடைப்பு தவிர்கிறது, மூன்று பேருக்குப் பக்கவாதம் கூடுதலாக வருகிறது. அந்தப் பக்கவாதங்களில் பெரும்பகுதி அறுவை சிகிச்சையை ஒட்டிய முதல் மாதத்தில் வந்தவை.

இந்த எண்களில் கவனிக்க வேண்டியது காலம். முதல் இரண்டு வருடம் இரு தரப்பிலும் இறப்பு ஏறக்குறைய ஒன்றாகவே ஓடியது. கோடுகள் பிரிந்தது அதற்குப் பிறகுதான். ‘என் சித்தப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்து ஒரு வருடமாகிறது, ஜம்மென்று இருக்கிறார்’ என்ற சாட்சி இந்த விஷயத்தில் எதையும் நிரூபிக்காததற்கு அதுவே காரணம். ஃப்ரீடம் நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து 2019-இல் வெளியிட்ட முடிவில், சுமார் ஏழரை வருடத்தில் இறப்பு ஸ்டென்ட்டில் 24.3 சதவீதம், பைபாஸில் 18.3 என்றிருந்தது. வயதில் இளைய பாதியினரிடம், அதாவது ஏறக்குறைய 63-க்குக் கீழே, இடைவெளி இன்னும் அகலம்: 20.7-க்கு 10.2. ஆய்வின் ஒரு பகுதியை மட்டும் பிரித்துப் பார்க்கும் கணக்கை அளவோடுதான் நம்ப வேண்டும். ஆனாலும் அது போகும் திசை பொருத்தமாக இருக்கிறது. முன்னால் நிறைய வருடங்கள் உள்ளவருக்குத்தான் அறுவையின் ஆரம்பச் சிரமத்தைத் தாண்டிப் பலனை அனுபவிக்க நேரம் கிடைக்கும்.

இதுவரை சொன்னது உறுதியானது. சந்தேகத்துக்கு இடமுள்ள பகுதி இனி. ஃப்ரீடமில் வைத்தவை முதல் தலைமுறை மருந்து ஸ்டென்ட்கள். இன்றுள்ளவை மெல்லிய கம்பி கொண்டவை. உறைந்து அடைத்துக்கொள்வது குறைந்திருக்கிறது. குழாய்க்குள்ளேயே கேமரா போன்ற கருவியை விட்டுப் பார்த்து வைக்கும் முறையும் வந்துவிட்டது. மூன்று குழாய் அடைப்பில், அழுத்தத்தை அளந்து தேவையான இடத்தில் மட்டும் புதிய ஸ்டென்ட் வைத்து பைபாஸோடு ஒப்பிட்ட ஃபேம் 3 ஆய்வு 2022-இல் வந்தது. ஒரு வருடத்தில் பெரிய பாதிப்புகள் ஸ்டென்ட்டில் 10.6 சதவீதம், பைபாஸில் 6.9. ஐந்து வருடக் கணக்கில் இறப்பு, மாரடைப்பு, பக்கவாதம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது இரண்டுக்கும் புள்ளியியல் ரீதியாகப் பெரிய வேறுபாடு தெரியவில்லை. மாரடைப்பு மட்டும் ஸ்டென்ட் பக்கம் கூடுதல். ஆனால் அதில் சேர்ந்தவர்களில் சர்க்கரை நோயாளிகள் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இடைவெளி சுருங்கியிருக்கலாம் என்று சொல்லலாம், மூடிவிட்டது என்று சொல்ல ஆதாரம் இல்லை. இன்னொரு குறையும் உண்டு. இந்த ஆய்வுகளில் சேர்க்கப்பட்டவர்கள் இரண்டு சிகிச்சைக்கும் ஏற்றவர்கள். 80 வயதுக்காரர், டயாலிசிஸ் செய்துகொள்பவர், நுரையீரல் பழுதடைந்தவர் ஆகியோருக்கு இந்த எண்களைத் தூக்கி அப்படியே பொருத்த முடியாது.

ஆஞ்சியோ படத்தில் பார்க்க வேண்டியதற்கு வருகிறேன். முதல் கேள்வி எல்ஏடி. இதயத்தின் முன்சுவரையும் நடுச்சுவரின் பெரும்பகுதியையும் ஊட்டுவது அந்தக் குழாய். அதன் தொடக்கத்தில் அடைப்பு இருந்தால் பைபாஸின் பலன் கூடுகிறது. சர்க்கரையோடு எல்ஏடி உட்படப் பல குழாய் அடைப்பு உள்ளவருக்கு பைபாஸையே முதல் தேர்வாக 2021-இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல் சொல்வது இதனால்தான். அடுத்தது சின்டாக்ஸ் ஸ்கோர், அடைப்புகளின் சிக்கலை எண்ணாக்கும் முறை: 22 வரை எளிது, 23 முதல் 32 வரை நடுத்தரம், 33-உம் அதற்கு மேலும் கடினம். ‘ஸ்கோர் குறைவு, ஸ்டென்ட்டே போதும்’ என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நிறுத்திக் கேளுங்கள். சர்க்கரை இல்லாதவருக்கு அது நல்ல வாதம். ஃப்ரீடமிலோ பைபாஸின் பலன் ஸ்கோரைப் பொறுத்து மாறவில்லை. மூன்றாவது அந்த 70 சதவீத சர்கம்ஃப்ளெக்ஸ். 50-க்கும் 70-க்கும் இடைப்பட்ட அடைப்பு ரத்த ஓட்டத்தை உண்மையிலேயே தடுக்கிறதா என்று கண்ணால் சொல்வது கடினம். எஃப்எஃப்ஆர் என்ற அழுத்தமானிக் கம்பியை உள்ளே விட்டு அளப்பார்கள், 0.80 அல்லது அதற்குக் கீழே என்றால் தடுக்கிறது என்று பொருள். சர்கம்ஃப்ளெக்ஸில் 0.88 வந்தால் மூன்று குழாய் நோய் இரண்டு குழாய் நோயாகிவிடும், பேச்சின் போக்கே மாறும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானதும் நோயாளியின் வீட்டார் கேட்கவே கேட்காததும் நான்காவது: அடைப்பைத் தாண்டிக் கீழே குழாய் எப்படி இருக்கிறது? ஒட்டுக்குழாயைத் தைக்க, ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் அகலமாவது உள்ள, சுவர் மென்மையாக இருக்கும் ஓர் இடம் வேண்டும். நீண்ட காலச் சர்க்கரை நோயாளிகளில் சிலருக்கு நுனிவரை நூல்போலச் சுருங்கிச் சுண்ணாம்பேறிப் போயிருக்கும். அங்கே தைத்தால் ரத்தம் போக வழியில்லாமல் ஒட்டுக்குழாயே மூடிக்கொள்ளும். ஆய்வு எண்கள் என்ன சொன்னாலும் அவருக்கு பைபாஸ் உதவாது. தவிர, முன்பே பக்கவாதம் வந்தவர், பெருந்தமனிச் சுவர் முழுக்கச் சுண்ணாம்பேறியவர், உடல் தளர்ந்த முதியவர், வேறொரு நோயால் ஆயுள் குறைவாக உள்ளவர், எல்ஏடி அல்லாத ஒரே ஒரு குழாயில் அடைப்புள்ளவர் ஆகியோருக்கு ஸ்டென்ட்டோ மருந்தோ பொருத்தமாக இருக்கும்.

வலியே இல்லையே என்ற கேள்வி. சர்க்கரை நோய் நரம்புகளையும் தின்கிறது, இதயத்திலிருந்து வலியைச் சொல்லும் நரம்புகள் உட்பட. மாடிப்படியில் மூச்சு வாங்குவது, காரணமில்லாத அசதி, சாப்பிட்ட பின் நடந்தால் வயிற்றின் மேல்பகுதியில் அழுத்தம் ஆகியவை இவர்களிடம் நெஞ்சுவலியின் இடத்தில் வரலாம். அதற்காக நாளைக்கே ஆபரேஷன் என்று பதறவும் வேண்டாம். 2368 சர்க்கரை நோயாளிகளைக் கொண்ட பாரி 2டி ஆய்வில், நல்ல மருந்துகளோடு உடனே ஸ்டென்ட்டோ பைபாஸோ செய்தவர்களும் மருந்தை மட்டும் தொடங்கியவர்களும் ஐந்து வருடத்தில் ஏறக்குறைய ஒரே அளவில்தான் உயிரோடு இருந்தார்கள்: 88.3, 87.8 சதவீதம். அதே ஆய்வில் பைபாஸுக்கு ஏற்றவர்கள் என்று ஒதுக்கப்பட்ட, நோய் கூடுதலான பிரிவில் மட்டும் இறப்பு, மாரடைப்பு, பக்கவாதம் மூன்றும் சேர்ந்து பைபாஸில் 22.4, மருந்தில் 30.5 என்று பிரிந்தன. இதிலிருந்து இரண்டு விஷயம் கிடைக்கிறது. நிலையாக இருக்கும் சர்க்கரை நோயாளிக்கு மருந்தோடு சேர்த்து ஸ்டென்ட் வைப்பது மூச்சிரைப்பையும் வலியையும் குறைக்கலாம். ஆயுளைக் கூட்டும் என்று எதிர்பார்க்க ஆதாரம் பலவீனம். பைபாஸிலிருந்து மட்டும் அதற்கும் மேலே பலன் தெரிகிறது. இடது பிரதானக் குழாயில் 50 சதவீதத்துக்கு மேல் அடைப்போ, எக்கோவில் ரத்தத்தை வெளியேற்றும் அளவு 35-க்குக் கீழோ, அறிகுறிகள் நாளுக்கு நாள் கூடுவதோ இல்லாதவரை உங்களுக்குச் சில வாரம் அவகாசம் உண்டு. அதை இரண்டாவது கருத்துக் கேட்கப் பயன்படுத்துங்கள்.

நரம்பில் மருந்து ஏற்றி அடைப்பைக் கரைக்கலாமாமே என்றும் கேட்டிருந்தீர்கள். கீலேஷன் என்ற அந்தச் சிகிச்சையை, முன்பு மாரடைப்பு வந்த சர்க்கரை நோயாளிகளிடமே டாக்ட் 2 ஆய்வில் சோதித்தார்கள். 2024-இல் வந்த முடிவு: பலன் இல்லை. அதோடு விட்டுவிடலாம்.

பைபாஸ் என்று முடிவானால், அறுவை நிபுணரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி எந்த ஒட்டுக்குழாயை எங்கே வைக்கப் போகிறார் என்பது. மார்பெலும்புக்குப் பின்னால் ஓடும் இடது மார்புத் தமனியை எல்ஏடியோடு இணைப்பதுதான் இந்த அறுவையின் உயிர். பத்து வருடம் கழித்தும் பத்தில் ஒன்பது திறந்தே இருக்கும். காலிலிருந்து எடுக்கும் சிரையில் பத்து வருடத்தில் ஏறக்குறைய பாதி மூடிவிடும். முன்கைத் தமனி சிரையை விட நீடிக்கும். இரண்டு பக்க மார்புத் தமனிகளையும் எடுத்தால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் மார்பெலும்புக்கு ரத்தம் போவதே அவற்றிலிருந்துதான். சர்க்கரை நோயாளிக்கு, அதிலும் பருத்த உடலும் கட்டுப்படாத சர்க்கரையும் உள்ளவருக்கு, எலும்பு சேராமல் சீழ்ப்பிடிக்கும் அபாயம் கூடுகிறது. மூவாயிரம் பேருக்கு மேல் சேர்த்த ஆர்ட் ஆய்வில் பத்து வருடத்திலும் இரண்டு தமனி போட்டவர்களுக்குத் தெளிவான ஆயுள் லாபம் கிடைக்கவில்லை. அதனால் இதை வற்புறுத்திக் கேட்க வேண்டியதில்லை.

அறுவைக்கு முன் மருந்துகளை எப்போது நிறுத்துவது என்பதில் குழப்பம் அதிகம். ஆஸ்பிரின் பெரும்பாலும் தொடரும். மற்ற ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரைகளில் குளோபிடோக்ரெல் 5 நாளுக்கு முன்பும், டிகாக்ரெலார் குறைந்தது 3 நாளுக்கு முன்பும், பிராசுக்ரெல் 7 நாளுக்கு முன்பும் நிறுத்தப்படும். ஏற்கெனவே ஸ்டென்ட் உள்ளவர் இவற்றைத் தானாக நிறுத்தக் கூடாது. டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரைகளை 3 நாளுக்கு முன்பே நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால், ரத்தச் சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே ரத்தம் அமிலமாகும் ஆபத்து உண்டு. சர்க்கரை எண் சாதாரணமாக இருப்பதால் கண்டுபிடிக்கத் தாமதமாகும். இதை அனஸ்தீசியா மருத்துவரிடம் வாயால் சொல்லிவிடுங்கள், மாத்திரைப் பட்டியலில் எழுதியிருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். மெட்ஃபார்மினை, சிறுநீரக வடிகட்டும் திறன் 60-க்குக் கீழே உள்ளவர்கள் ஆஞ்சியோ நாளிலிருந்து நிறுத்தி, 48 மணி நேரம் கழித்துச் சோதித்துவிட்டுத் தொடங்குவார்கள். அறுவையின்போதும் அடுத்த நாட்களிலும் சர்க்கரையை இன்சுலின் டிரிப் மூலம் 180-க்குக் கீழே வைப்பது புண் ஆறுவதற்கு உதவும். வீட்டுக்கு வந்தபின் மார்பெலும்பு கூட ஆறு முதல் எட்டு வாரம். அதுவரை ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கவோ கையை ஊன்றி எழவோ கூடாது. இருமும்போது தலையணையை மார்போடு அணைத்துக்கொள்ளலாம். எலும்பு ‘கிளிக்’ என்று அசைவது, தையலிலிருந்து நீர் கசிவது, காய்ச்சல் ஆகியவை தெரிந்தால் அன்றே போக வேண்டும், அடுத்த மறுபரிசோதனைக்குக் காத்திருக்கக் கூடாது. சிரை எடுத்த காலின் புண்ணும் தாமதமாகவே ஆறும். அதைப் பலர் கவனிப்பதில்லை.

ஸ்டென்ட் என்று முடிவானால் கேட்க வேண்டியவை வேறு. எல்லா முக்கிய அடைப்புகளையும் திறப்பார்களா, இல்லை எளிதானதை மட்டும் திறந்துவிட்டு மற்றதை விடுவார்களா? உள்ளே படம்பிடித்து அளந்து வைப்பார்களா? சிறுநீரகம் சுமாராக இருந்தால் ஒரே நாளில் எல்லாவற்றையும் செய்யாமல் இரண்டு முறையாகப் பிரிப்பது, ஆஞ்சியோ மருந்தின் அளவைக் குறைக்கும். இதைவிட முக்கியமானது எல்ஏடியில் எவ்வளவு நீளத்துக்கு ஸ்டென்ட் போகும் என்பது. தொடக்கத்திலிருந்து நுனிவரை வரிசையாக மூன்று ஸ்டென்ட் கோத்துவிட்டால், பிற்காலத்தில் மார்புத் தமனியைத் தைக்க இடமே மிஞ்சாது. பைபாஸ் செய்தவருக்குப் பிறகு ஸ்டென்ட் வைக்கலாம். இப்படி நெடுக ஸ்டென்ட் வைத்தவருக்குப் பிறகு பைபாஸ் செய்வது கடினம். ஒரு கதவைத் திறக்கும்போது மற்றது பூட்டிக்கொள்கிறதா என்று பார்த்துத் திறக்க வேண்டும். ஆகவே ஆஞ்சியோ மேசையில் நோயாளியைப் படுக்கவைத்துவிட்டு, வெளியே நிற்கும் உறவினரிடம் ஐந்து நிமிடத்தில் கையெழுத்துக் கேட்கும் வழக்கம், நிலையாக இருக்கும் சர்க்கரை நோயாளியின் மூன்று குழாய் அடைப்புக்கு ஏற்றதல்ல. ஸ்டென்டுக்குப் பின் இரட்டை ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரை வழக்கமாக 6 மாதம், மாரடைப்புக்குப் பின் என்றால் 12 மாதம். பல் பிடுங்க வேண்டும் என்பதற்காக நடுவில் நிறுத்தினால் ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறைந்து பெரிய மாரடைப்பாக முடியலாம்.

இரண்டில் எதைச் செய்தாலும் மாத்திரைகள் குறையப்போவதில்லை. நடைமுறையில் அதிகம் நடக்கும் தவறு, ‘அடைப்பைத்தான் எடுத்தாயிற்றே’ என்று ஆறு மாதத்தில் ஸ்டேடின் என்ற கொழுப்பு குறைக்கும் மாத்திரையை நிறுத்திவிடுவது. அடைப்பை யாரும் எடுக்கவில்லை. ஒன்றில் விரித்திருக்கிறார்கள், மற்றதில் சுற்றிப்போயிருக்கிறார்கள். சிரை ஒட்டுக்குழாயிலும் அதே கொழுப்பு படியும். எல்டிஎல் எனப்படும் கெட்ட கொழுப்பு 55-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது 2019 ஐரோப்பிய வழிகாட்டுதலின் இலக்கு. அடோர்வாஸ்டேடின் 40 முதல் 80 மி.கி. அல்லது ரோசுவாஸ்டேடின் 20 முதல் 40 மி.கி., போதாவிட்டால் எசிட்டிமைப் 10 மி.கி., அதற்கும் மேலே ஊசி என்று படிப்படியாகப் போவார்கள். சர்க்கரை மாத்திரைகளிலும் தேர்வு இருக்கிறது: எம்பாகிளிஃப்ளோசின் 2015-இல் வந்த பெரிய ஆய்வில் இதய நோயுள்ள சர்க்கரை நோயாளிகளின் இதயச் சாவை 38 சதவீதம் குறைத்தது, லிராகுளுடைட் ஊசியும் 2016-இல் இதயச் சாவு, மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றை மொத்தமாக 13 சதவீதம் குறைத்தது. அப்பாவின் பட்டியலில் இந்த இரண்டு வகையில் எதுவும் இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள். மறுபுறம், சர்க்கரையை அடித்து நொறுக்கிவிட வேண்டும் என்ற வெறியும் ஆபத்து. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சியை 6-க்குக் கீழே கொண்டுபோக முயன்ற அக்கார்ட் ஆய்வில், அந்தப் பக்கத்தில் சாவு கூடியதால் அந்தத் தீவிர முயற்சியை 2008-இல் நிறுத்தினார்கள். 7-ஐ ஒட்டி, தாழ்சர்க்கரை வராமல் வைத்திருப்பது போதும். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவருக்குத் தாழ்சர்க்கரையின் படபடப்பு மறைந்துவிடும், வியர்வை மட்டும் மறையாது. வீட்டில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இது. ரத்த அழுத்தம் 130/80-க்குக் கீழே. புகை இருந்தால் முழு நிறுத்தம். அதில் பேரம் இல்லை.

ஏமாற்றுகிறாரா என்ற கேள்வி மிச்சம். கையில் பழகிய கருவியின் பக்கம் மனம் சாய்வது எல்லாத் தொழிலிலும் உண்டு. அதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஸ்டென்ட் என்று சொன்னவர் எல்ஏடியின் நுனி மோசமாக இருப்பதைப் படத்தில் பார்த்தே சொல்லியிருக்கலாம். நீங்கள் எழுதியதை மட்டும் வைத்துப் பார்த்தால், 61 வயது, எல்ஏடி தொடக்கம் உட்பட மூன்று குழாய், சிறுநீரகம் ஓரளவு நன்றாக, இதய இயக்கம் 50 என்பதெல்லாம் பைபாஸின் பக்கமே நிற்கின்றன. ஆஞ்சியோ படம் பதிந்த சிடி, எக்கோ, கிரியாட்டினின், ஹெச்பிஏ1சி, கழுத்துத் தமனி ஸ்கேன் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, இதுவரை பார்க்காத ஓர் இதய அறுவை நிபுணரிடம் போங்கள். ‘பைபாஸ் செய்யலாமா’ என்று கேட்காதீர்கள். ‘எந்தெந்தக் குழாயில், எந்த இடத்தில், எதைக் கொண்டு தைப்பீர்கள்’ என்று கேளுங்கள். அவர் படத்தை ஓடவிட்டு எல்ஏடியின் கீழ்ப்பகுதியில் விரலை வைத்து ‘இங்கே’ என்று காட்டினால் பைபாஸுக்குத் தயாராகுங்கள். தைக்க இடமில்லை என்று அவரே உதட்டைப் பிதுக்கினால், ஸ்டென்ட் சொன்ன மருத்துவரிடம் திரும்பிப்போய், எல்ஏடியில் எவ்வளவு நீளத்துக்கு ஸ்டென்ட் போகும் என்று மேலே எழுதிய அந்தக் கேள்வியிலிருந்து பேச்சைத் தொடங்குங்கள்.